எடை குறைக்கும் வார ஊசி: நோன்புக்கு முன் சில வார்த்தைகள்

(ஷஃபான் மாதத்தில் நமது டிரஸ்ட் மண்டபத்தில் நடைபெற்ற ரமலான் வரவேற்பு மற்றும் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் இங்கே பிரசுரிக்கப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ரமலானை வரவேற்கும் கூட்டத்தில் ஜகாத், பித்ரா, இஃப்தார் ஏற்பாடு பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். இந்த வருடம் ஓர் ஊசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம், கடந்த சில மாதங்களாக நமது அலுவலகத்துக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிற மனுக்களில், இதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு மருந்தின் பெயர் வர ஆரம்பித்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் எடை குறைக்கும் ஊசி. இரண்டு குடும்பங்களின் விஷயத்தை, பெயர் சொல்லாமல், அவர்கள் அனுமதியோடு உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் விஷயத்தில் தவறு எங்களுடையது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரர். எடை 112 கிலோ. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். சர்க்கரை டாக்டர் இந்த ஊசியை எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மூன்று மாதச் செலவில் பாதியாவது கிடைக்குமா என்று மனுக் கொடுத்தார். எங்கள் கமிட்டியில் ஒருவருக்குக்கூட அந்த மருந்தைப் பற்றித் தெரியாது. "சோத்தைக் குறைச்சா போதுமே, இதுக்கு எதுக்கு ஊசி?" என்று பேசி மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது. அதன் பிறகு சில ஜும்ஆக்களுக்கு அவர் நம் பள்ளிக்கே வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

இரண்டாவது, நிக்காஹ் நிச்சயமான ஒரு பெண்பிள்ளை. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. மாப்பிள்ளை வீட்டில் "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். அத்தா ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். இரண்டு பவுன் செயினை அடகு வைத்து, டாக்டர் சீட்டு இல்லாமல், தெரிந்தவர் மூலமாக ஊசி வாங்கினார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கூடுதல் டோஸ் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வாரம் வாந்தி நிற்கவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் மயங்கி விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது நலமாக இருக்கிறது. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

தேவைப்பட்டவருக்கு நாம் இல்லை என்றோம். தேவைப்படாத பிள்ளைக்கு வெளியில் யாரோ விற்றார்கள். இரண்டுமே அறியாமையால் நடந்தவை. அதனால்தான் டாக்டர்களைக் கலந்து, விவரங்களைத் திரட்டி, உங்கள் முன் நிற்கிறோம்.

இந்த ஊசி என்ன செய்கிறது? நாம் சாப்பிட்டதும் நமது குடல் ஜிஎல்பி-1 என்ற ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்திடம் இன்சுலினை விடச் சொல்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்கிறது. மூளைக்குப் "போதும்" என்று சேதி சொல்கிறது. அல்லாஹ் நம் உடம்பிலேயே வைத்திருக்கும் இந்த ஹார்மோன் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்து, ஒரு வாரம் வரை உடம்பில் தங்கும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துதான் செமாக்ளூடைடு. இதை ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரைக்கும், வெகோவி என்ற பெயரில் எடைக்கும் விற்கிறார்கள். மவுஞ்சாரோ என்பது டிர்செபடைடு. அது இரண்டு ஹார்மோன்களைப் போல வேலை செய்கிறது. மவுஞ்சாரோ நம் நாட்டுக்கு 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும், ஓசெம்பிக் டிசம்பரிலும் வந்தன.

பலன் உண்டா என்றால், உண்டு. 2021இல் வெளியான பெரிய ஆய்வில், செமாக்ளூடைடு ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக உடல் எடையில் சுமார் 15 சதவீதம் குறைந்தது. 100 கிலோ இருப்பவர் 85 கிலோ ஆவது போல. டிர்செபடைடின் அதிக டோஸில் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஊசியோடு உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கடைப்பிடித்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகிறது? முதலில் சொன்ன ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது போலத்தான் இதுவும். ஆகவே கல்யாணத்துக்காக மூன்று மாதம் போட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அடுத்த வருடம் அந்த எடை திரும்பும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்த ஊசி? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. அது 30 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர், கொழுப்பு போன்ற நோய் இருப்பவர்களுக்கும்தான் எடைக்காக இதை அனுமதித்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 30 என்பது ஏறத்தாழ 77 கிலோ. நாம் சொன்ன பெண்பிள்ளை 66 கிலோ. அவருக்குக் கணக்கு 26கூட வரவில்லை. நம் நாட்டு உடல்வாகுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று இந்திய மருத்துவர்கள் சொல்வது உண்மை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பார்கள். ஆனால் அந்தக் கவனம் சாப்பாட்டிலும் நடையிலும் ஆரம்பிக்க வேண்டியது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை உள்ளவர்கள். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை, உடல் பருமனோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. டிசம்பரில் உடல் பருமன் சிகிச்சைக்கும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. இதைப் பணக்காரர்களின் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் கமிட்டி செய்த தவறு அதுதான்.

செலவைப் பார்ப்போம். மவுஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ரூ.3,500, 5 மில்லிகிராம் ரூ.4,375. வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு ரூ.14,000 முதல் ரூ.17,500. வெகோவி விலையை 2025 நவம்பரில் குறைத்தபோதும், ஆரம்ப டோஸ் மாதம் ரூ.10,850 ஆக இருந்தது. ஓசெம்பிக் 2025 டிசம்பரில் வந்தபோது, ஆரம்ப டோஸ் வாரத்துக்கு ரூ.2,200 அளவில் இருந்தது. டோஸ் ஏற ஏற விலையும் ஏறும். செமாக்ளூடைடின் காப்புரிமை நம் நாட்டில் 2026 மார்ச்சில், பெருநாளை ஒட்டி முடிந்தது. பல இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரித்து விற்கத் தயாராயின. விலை இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது நல்ல செய்தி. அதே சமயம், மலிவாகக் கிடைக்கும்போது சீட்டு இல்லாமல் கை மாறுவதும் அதிகமாகும். அந்தப் பயத்தில்தான் இன்றே பேசுகிறோம்.

இது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. ஜிம்மிலோ, பியூட்டி பார்லரிலோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ, வெளிநாட்டிலிருந்து வருபவர் பையிலோ வாங்கக் கூடாது. போலி ஓசெம்பிக் பல நாடுகளில் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. இன்னொன்று, திறக்காத ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்; உறையவும் கூடாது. நம்ம ஊர் வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்துக் கொண்டுவந்த ஊசிக்கு என்ன உத்தரவாதம்? மெடிக்கலில் பில்லோடு வாங்குங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் எடுத்து வாருங்கள், ஆனால் ஊசி நேராக ஐஸில் படக் கூடாது.

பக்க விளைவுகள்: குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல். இவை பெரும்பாலும் டோஸ் கூட்டும்போது வரும். அதனால்தான் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் கூட்டுவார்கள். சிலருக்குப் பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகு வரை பரவினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அந்த அளவை டாக்டர் குறைத்துத் தர வேண்டும். ஆபரேஷன் எதுவும் இருந்தால், இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த ஊசியைப் போடக் கூடாது. செமாக்ளூடைடு போடுபவர்கள் கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். நிக்காஹ் வாரம் வரை ஊசி போட்டு, அடுத்த மாதமே கர்ப்பமாகும் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். "இளைக்கட்டும்" என்று சொல்கிற எந்தச் சம்பந்தி வீட்டுக்கும் இது தெரியாது.

இங்கே மனவேதனையோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2026 ஜனவரியில், நம் மதுரையிலேயே 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், உடம்பு இளைக்க யூடியூப் வீடியோவைப் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு உயிரிழந்தார். செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை எந்த ஊசியும் போடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை அந்தக் கடை வரை நடக்க வைத்த அதே எண்ணம்தான், நம் வீட்டுப் பிள்ளையைச் சீட்டில்லாத ஊசி வரை நடக்க வைத்தது. "குண்டு" என்ற ஒரு வார்த்தையை விசேஷ வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறோம். அதைக் கேட்ட பிள்ளை இரவெல்லாம் செல்போனில் வழி தேடுகிறது. பிறரைக் கேலி செய்வதையும் பட்டப்பெயர் வைப்பதையும் ஹுஜுராத் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்று ஹஜ்ரத்மார்கள் நமக்கு எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் மாமிமார்களும் உம்மாமார்களும் அதை நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இனி ரமலான். மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, இது ஹலாலா? அந்தக் காலத்தில் இன்சுலினைப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததால் பெரியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. செமாக்ளூடைடை ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கிறார்கள். டிர்செபடைடு இரசாயன முறையில் உருவாக்கப்படுகிறது. இந்த இரண்டு மருந்தும் பன்றியிலிருந்து எடுக்கப்படுபவை அல்ல. புதுக் கம்பெனி மருந்து வரும்போது, அதனோடு வரும் தாளை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஊசி போட்டால் நோன்பு முறியுமா? 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோலுக்கு அடியிலோ தசையிலோ நரம்பிலோ போடும் மருந்து ஊசி, ஊட்டச்சத்துத் திரவமாக இல்லாதவரை, நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. உங்கள் மத்ஹபின்படி உள்ள விவரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைதானே? தராவீஹ் முடிந்த பிறகு இரவில் போட்டுக்கொண்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

மூன்றாவது, ஊசி போடுபவர் நோன்பு வைக்கலாமா? இதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இப்போதே, ஷஃபானிலேயே போய்க் கேளுங்கள். ரமலானில் புதிதாக ஆரம்பிப்பதோ டோஸ் கூட்டுவதோ நல்லதல்ல என்பது நாங்கள் கலந்த டாக்டர்களின் கருத்து. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சர்க்கரை உள்ளவர்கள் நோன்போடு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். அதனால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் பகரா அத்தியாயத்தில் சலுகை கொடுத்திருக்கிறான். அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வது குறைவான ஈமான் ஆகாது.

இஃப்தாரில் இன்னும் கவனம் வேண்டும். இந்த ஊசி போடுபவர்களின் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணம் நோன்புக் கஞ்சி என்று ஆரம்பித்து நிறுத்துங்கள். அதன் மேல் வடை, சமோசா, பிறகு பிரியாணி, அதன் மேல் ஜிகர்தண்டா என்று போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். எடை குறையும்போது கொழுப்போடு சதையும் கரையும் என்பதால் முட்டை, மீன், பயறு, தோல் நீக்கிய கோழி அவசியம். ஸஹரைத் தவிர்க்கக் கூடாது.

ஊசி போடாத நம் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய வழியைப் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். பந்தியில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். ரமலானில் எடை கூடுகிற சமுதாயமாக நாம் இருப்பது யோசிக்க வேண்டிய விஷயம். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம். பெண்கள் மாடியில் நடக்கலாம். இரவு பதினொரு மணிப் பரோட்டாவை விடலாம். இவற்றுக்குச் சீட்டும் வேண்டாம், செலவும் இல்லை.

எங்கள் கமிட்டி எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்லி முடிக்கிறோம். ஒன்று, சர்க்கரை அல்லது பொது மருத்துவ நிபுணர் காரணத்தோடு எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால், இந்த ஊசிக்கான மனுவை மற்ற மருந்துகளைப் போலவே பரிசீலிப்போம். நிதி குறைவாக இருப்பதால் எல்லோருக்கும் முழுத் தொகை கொடுக்க முடியாது. டயாலிசிஸ், புற்றுநோய் மனுக்களுக்குத்தான் முதலிடம். தொடர்ந்து போட வேண்டிய மருந்து என்பதால், எங்கள் உதவி நின்ற பிறகு எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதையும் உட்கார்ந்து பேசுவோம். இரண்டு, அழகுக்காக, கல்யாணத்துக்காக என்று வரும் மனுவை ஏற்க மாட்டோம். ஆனால் அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் அழைத்து ஒரு டாக்டரிடம் அனுப்பி வைப்போம். மூன்று, எந்த மருத்துவ மனுவையும் டாக்டரின் கருத்தைக் கேட்காமல் இனித் திருப்பி அனுப்ப மாட்டோம். நான்கு, அரசு இராஜாஜி மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்கும் முதியவர்களுக்கு நமது வாலிபர்கள் துணைக்கு வருவார்கள். அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

அந்தச் சகோதரருடைய மனுவை மறுபடியும் எடுத்து, முதல் மூன்று மாதத்துக்குப் பாதித் தொகை கொடுத்திருக்கிறோம். டோஸை அவருடைய டாக்டர் மெல்ல மெல்லத்தான் கூட்டுகிறார். நாலு கிலோ குறைந்திருப்பதாகப் போன வாரம் சொன்னார். ஜும்ஆவுக்கும் வருகிறார். இன்னும் நாற்காலியில்தான் தொழுகிறார். தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு நீங்கள் அனைவரும் துஆச் செய்யுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பையும், நம் நாவுகளுக்குக் கட்டுப்பாட்டையும் தந்து, வரும் ரமலானை முழு ஆரோக்கியத்தோடு அடையச் செய்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.